ஆர்வலர் கேட்பதும் பெரும்பாலோர் வாங்குவதும்

கேட்கப்பட்டிருப்பது இதுதான்: ஒரு பொருளை ஆழமாக அறிந்த ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் ஒன்றைக் கேட்கிறார்கள்; நிறுவனம் அதைச் செய்து கொடுத்தால் பல நேரங்களில் விற்பதில்லை, செய்யாவிட்டாலோ வசவு ஓய்வதில்லை. அப்படியானால் வடிவமைப்பவர் யாருடைய பேச்சைக் கேட்பது? ஆர்வலர்களின் ரசனை உண்மையிலேயே மற்றவர்களின் ரசனையிலிருந்து வேறுபட்டதா?

ஆர்வலர்களின் கோரிக்கைகளில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது என்பது என் கருத்து. எல்லோரையும் என்றாவது தொந்தரவு செய்யப்போகும் ஒரு குறையை அவர்கள் மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்து சொல்வது ஒரு வகை. பொருளைக் கையாளும் உழைப்பிலேயே தாங்கள் காணும் இன்பத்தைக் கேட்பது இன்னொரு வகை. முதல் வகைக் கோரிக்கையை எல்லோருக்குமான பொருளில் நிறைவேற்றியே ஆக வேண்டும். இரண்டாவதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் பொருள் கெடும். இரண்டும் ஒரே ஆட்களிடமிருந்து, ஒரே கோபத்தோடு, பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் வருவதால்தான் நிறுவனங்கள் ஒருமுறை எல்லாவற்றையும் ஏற்றும் மறுமுறை எல்லாவற்றையும் ஒதுக்கியும் மாறி மாறித் தவறு செய்கின்றன.

ஆர்வலர் என்பவரை அதிகம் தெரிந்தவர் என்று எண்ணுவதைவிட, அந்தப் பொருளின் மீது அதிக நேரம் கவனம் வைத்திருப்பவர் என்று எண்ணுவது பயன்தரும். பெரும்பாலோருக்குப் பொருள் ஒரு வழி மட்டுமே. அதன் வழியாக அவர்கள் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறார்கள். கார் போய்ச் சேர்வதற்கு, கேமரா குழந்தையின் முகத்தைப் பிடித்து வைப்பதற்கு, கணினி வேலையை முடிப்பதற்கு. அவர்கள் எதிர்பார்ப்பது பொருள் தன்னை நினைவூட்டாமல் இருக்க வேண்டும் என்பதைத்தான். ஆர்வலருக்கோ அந்தப் பொருளே போய்ச் சேரும் இடம். இது நிரந்தரமான சாதிப் பிரிவு போன்றதும் இல்லை. ஒரே மனிதர் ஒரு பொருளில் ஆர்வலராகவும் இருபது பொருள்களில் பொதுமக்களில் ஒருவராகவும் இருப்பார். என் விசைப்பலகையின் ஒவ்வொரு விசையும் எத்தனை கிராம் அழுத்தத்தில் இறங்குகிறது என்று சொல்லக்கூடிய நான், துணி துவைக்கும் இயந்திரத்தில் ஒரே ஒரு பொத்தானைத் தவிர வேறெதையும் இதுநாள்வரை தொட்டதில்லை.

ரசனையே வேறா என்ற கேள்விக்கு ஒலிபெருக்கித் துறையில் நல்ல விடை ஒன்று கிடைத்திருக்கிறது. ஷான் ஆலிவ் என்னும் ஆய்வாளர் ஹார்மன் என்ற ஒலிச்சாதன நிறுவனத்தில் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 268 பேர் நான்கு ஒலிபெருக்கிகளை, எது யாருடைய தயாரிப்பு என்று தெரியாத நிலையில் கேட்டு மதிப்பெண் இட்டார்கள். கேட்பதில் முறையான பயிற்சி பெற்றவர்கள் அவர்களில் சிலரே. மற்றவர்கள் விற்பனைத் துறையினர், விமர்சகர்கள், கல்லூரி மாணவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள். பயிற்சி பெற்றவர்கள் கறாராகக் குறைந்த மதிப்பெண்களைக் கொடுத்தார்கள். அதே ஒலிபெருக்கியை மறுபடி கேட்டபோதும் ஏறக்குறைய அதே மதிப்பெண்ணையே கொடுத்தார்கள். மற்றவர்களின் மதிப்பெண்கள் அலைபாய்ந்தன. ஆனால் எது முதலிடம், எது கடைசி என்று வரிசைப்படுத்திப் பார்த்தபோது இரு தரப்பின் வரிசையும் பெரும்பாலும் ஒத்துப்போயிற்று.

பொன் நிறுக்கும் தராசும் மூட்டை நிறுக்கும் தராசும் எது கனம் என்பதில் சண்டையிடுவதில்லை. குன்றிமணி அளவு வேறுபாட்டை முதலாவது காட்டும், இரண்டாவது காட்டாது, அவ்வளவுதான். ஆகவே ஒலி, திரை, தட்டச்சு போன்று புலன்களால் உணரப்படும் தரத்தைப் பற்றி ஆர்வலர்கள் குறை சொல்லும்போது, அதை ஒரு சிறு கூட்டத்தின் விசித்திர ரசனை என்று தள்ளிவிடுவது ஆபத்தானது. மற்றவர்கள் அதே குறையை மெதுவாக, பெயர் சொல்லத் தெரியாமல், "என்னவோ பிடிக்கவில்லை" என்று உணரக்கூடும்.

மடிக்கணினி விசைப்பலகை ஒன்றின் வரலாறு இதற்குப் பொருத்தமானது. ஆப்பிள் நிறுவனம் 2015-இல் 12 அங்குல மேக்புக்கில் 'பட்டர்ஃபிளை' என்ற புதிய விசை அமைப்பைக் கொண்டுவந்தது. கணினியை மெலிதாக்குவதற்காக விசைகள் கீழிறங்கும் ஆழம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. நாள் முழுவதும் தட்டச்சு செய்பவர்கள் உடனே முறையிட்டார்கள்: விரலுக்கு எதிர்வினை போதவில்லை, சத்தம் எரிச்சலூட்டுகிறது, தூசு நுழைந்தால் விசை சிக்கிக்கொள்கிறது. இந்த மூன்றில் முதல் இரண்டும் பலருக்குப் பழகிப்போயின. மூன்றாவது பழகக்கூடியதில்லை, ஓர் எழுத்து இரண்டு முறை விழுவதையும், விழாமலே போவதையும் எந்தச் சாதாரணப் பயனரும் பொறுத்துக்கொள்ள மாட்டார். 2018 ஜூனில் இலவசப் பழுதுநீக்கும் திட்டத்தை நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாதிரி விசையைக் கத்தரிபோல் குறுக்கிட்ட இரு துண்டுகள் தாங்கும் பழைய அமைப்புக்குத் திரும்பியது. 2020-க்குள் எல்லா மாதிரிகளும் திரும்பின. ஆர்வலர்களின் முணுமுணுப்பு முதல் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதில் எந்தப் பகுதி எல்லோருக்கும் பொருந்தும் என்று பிரித்துப் பார்த்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

இரண்டாவது வகைக்கு வருவோம். போர்ஷே 2013-இல் வெளியிட்ட 911 ஜிடி3 என்னும் ஸ்போர்ட்ஸ் காரில் கையால் மாற்றும் கியரே கிடையாது. இரட்டை கிளட்ச் தானியங்கிக் கியர் மட்டும்தான். அந்தப் பொறி மனிதக் கையையும் காலையும்விட வேகமாகக் கியரை மாற்றும் என்பதால், வேகத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் அந்த முடிவில் குற்றம் காண முடியாது. ஆனால் அந்தக் காரை வாங்கும் கூட்டம் வருந்தியது. 2016-இல் கைக்கியருடன் 991 கார்கள் மட்டுமே செய்யப்பட்ட 911 ஆர் வந்தது. அதற்கு இருந்த வரவேற்பைப் பார்த்த பிறகு 2017-இன் ஜிடி3-இல் கைக்கியர் மீண்டும் ஒரு தெரிவாகச் சேர்க்கப்பட்டது. இங்கே ஆர்வலர்கள் கேட்டது மேலான ஒரு பொறியை இல்லை. மெதுவான, சிரமமான ஒன்றை, அந்தச் சிரமத்துக்காகவே கேட்டார்கள். அதைக் கொடுத்தது மிகச் சரி, ஏனென்றால் ஜிடி3 வாங்குபவர் எல்லோருமே ஏதோ ஒரு வகையில் ஆர்வலர்கள்தான். அதே கோரிக்கையை நெரிசலில் தினமும் ஒரு மணி நேரம் ஊர்ந்து செல்லும் ஒருவரின் காரில் நிறைவேற்றினால் அது அவருடைய இடது காலுக்குச் செய்யும் கொடுமை.

ஒரே கோரிக்கைக்குள் இரண்டு வகையும் இருக்கும் என்பதற்குக் கைபேசி பேட்டரியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. சாம்சங் கேலக்ஸி எஸ்5 கைபேசியில், 2014-இல், முதுகு மூடியைக் கழற்றி பேட்டரியை மாற்றலாம், நினைவக அட்டையைச் செருகலாம், அது தண்ணீரையும் ஓரளவு தாங்கும். அடுத்த ஆண்டு வந்த எஸ்6 கண்ணாடியும் உலோகமுமாக அழகாக இருந்தது. மூன்று வசதிகளும் போய்விட்டன. ஆர்வலர்கள் மூன்றுக்கும் சேர்த்துக் குரல் எழுப்பினார்கள். 2016-இன் எஸ்7-இல் தண்ணீர் தாங்கும் தன்மையும் அட்டைச் செருகியும் திரும்பி வந்தன. பேட்டரி மட்டும் உள்ளேயே ஒட்டப்பட்டிருந்தது. சட்டைப்பையில் இரண்டாவது பேட்டரி வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் மாற்றிக்கொள்வது ஒரு சிலரின் பழக்கம். வேகமாக மின்னேற்றும் வசதியும் பவர் பேங்க் எனப்படும் கையடக்க மின்னேற்றிகளும் பரவியபின் மற்றவர்கள் அதைத் தேடவில்லை. அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அதே முறையீட்டுக்குள் இன்னொரு செய்தியும் இருந்தது: லித்தியம் அயனி பேட்டரி சில நூறு முறை மின்னேற்றியபின் தளரும், அது தளர்ந்தால் மற்றபடி நன்றாக இருக்கும் கைபேசியும் சேர்ந்தே சாகும். இதை ஆர்வலர்கள் வாங்கிய அன்றே சொன்னார்கள். மற்றவர்கள் மூன்றாம் ஆண்டில், நண்பகலிலேயே கைபேசி அணைந்துபோனபோது உணர்ந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறை, சில விலக்குகளுடன், கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரி முதல் கட்டாயமாக்குவது அந்த இரண்டாவது செய்தியைச் சட்டம் கேட்டுக்கொண்டதன் விளைவு என்றே நான் பார்க்கிறேன்.

எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. கைக்குள் அடங்கும் சிறிய கைபேசி வேண்டும் என்ற குரல் நெடுங்காலமாக உரக்கவே ஒலித்தது. ஆப்பிள் 2020-இல் 5.4 அங்குலத் திரையுடன் ஐபோன் 12 மினியையும் மறு ஆண்டு 13 மினியையும் கொண்டுவந்தது. இரண்டும் நன்றாகச் செய்யப்பட்ட பொருள்கள். 2022-இன் புதிய வரிசையில் மினி இல்லை. அந்த இடத்தில் 6.7 அங்குலத் திரையுடன் 14 பிளஸ் வந்தது. குரலின் சத்தத்தை வைத்துத் தலைகளை எண்ண முடியாது என்பது இதில் ஒரு பாடம். மற்றொன்று, சிறிய உடல் என்றால் சிறிய பேட்டரி என்ற மாற்ற முடியாத கணக்கு: கையில் எடுத்துப் பார்க்கும்போது இனிக்கும் அளவு, மாலையில் மின்சாரம் தீரும்போது கசக்கிறது. மினியை நேசித்தவர்கள் இன்னும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் ரசனை பொய்யானது என்று நான் சொல்லவில்லை.

மறுபக்கத்தில், பெரும்பாலோரின் எதிர்பார்ப்பு என்று நிறுவனங்கள் நம்புவது பல சமயம் கடையில் சில நிமிடங்களில் உருவாகும் எதிர்பார்ப்பு மட்டுமே. தொலைக்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். காட்சிக்கூடத்தின் பளீர் வெளிச்சத்தில் முப்பது திரைகள் வரிசையாக ஒளிரும்போது, மிக அதிக ஒளியும் மிகை வண்ணமும் கொண்ட திரைதான் கண்ணை இழுக்கும். வாயு நிரம்பிய நுண்ணறைகள் தாமே ஒளிரும் பிளாஸ்மா திரைகள் அந்த வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்தன. வீட்டில், விளக்கணைத்த அறையில் அவற்றின் ஆழ்ந்த கறுப்புக்கு பின்னொளியால் இயங்கும் அன்றைய எல்சிடி திரை எதுவும் நிகரில்லை என்று ஆர்வலர்கள் மன்றாடினார்கள். பயனியர் நிறுவனம் தன் குரோ வகைப் பிளாஸ்மா திரைகளால் பெரும் புகழ் பெற்றும் 2009-இல் தொலைக்காட்சித் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. பானசோனிக் 2013-இன் இறுதியில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. எடை, மின்செலவு, கூடுதல் பிக்சல்களை நெருக்கி அமைப்பதில் இருந்த சிக்கல் ஆகியவையும் பிளாஸ்மாவுக்கு எதிராக இருந்தன என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் ஆழ்ந்த கறுப்புக்கான ஆசை தோற்கவில்லை: அதே 2013-இல் எல்ஜி, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும் 55 அங்குல ஓஎல்இடி திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, இன்று உயர்தரத் தொலைக்காட்சியை வாங்கும் யாரும் முதலில் கேள்விப்படுவது அந்தக் கறுப்பைப் பற்றித்தான். ஆர்வலர்கள் அன்று எதை வேண்டினார்களோ அது சரியாகவே இருந்தது. அதைச் சுமந்து வந்த தொழில்நுட்பத்தால்தான் மற்றவர்களின் வீட்டுக்குள் நுழைய முடியவில்லை.

அசைவை மென்மையாக்கும் வசதியும் இதே கதை. திரைப்படம் விநாடிக்கு 24 படச்சட்டங்களில் எடுக்கப்படுகிறது. தொலைக்காட்சி இடையிடையே தானே உருவாக்கிய படச்சட்டங்களைச் செருகினால் விளையாட்டுப் போட்டி தெளிவாகத் தெரியலாம், ஆனால் திரைப்படம் மலிவான தொடர் நாடகம்போல் ஆகிவிடும். பெரும்பாலோர் இதை உணர்ந்தாலும் அமைப்புப் பட்டியலின் ஏழாவது அடுக்கில் போய் அணைக்கத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். 2019-இல் அறிவிக்கப்பட்ட 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்னும் தொலைக்காட்சி அமைப்பு இந்த முடிச்சை அழகாக அவிழ்த்தது: ஆர்வலர்கள் கையால் திருத்திவந்த பலவற்றை ஒரே தெரிவுக்குள் அடைத்து, அதை எவரும் எட்டும் இடத்தில் வைத்தது.

கடை ஒரு ரசனையையும் வீடு இன்னொரு ரசனையையும் உருவாக்கும் என்பது ஆய்விலும் காட்டப்பட்டிருக்கிறது. டெபோரா தாம்ப்சன், ரெபேக்கா ஹாமில்டன், ரோலண்ட் ரஸ்ட் ஆகிய மூவர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பயன்படுத்துவதற்கு முன்பு மக்கள் வசதிகள் மிகுந்த பொருளையே விரும்பினார்கள். பயன்படுத்திய பிறகு அவர்களின் மனம் எளிமையான பொருளின் பக்கம் சாய்ந்தது. வசதிகளை அடுக்கச் சொல்பவர்கள் ஆர்வலர்கள், எளிமை கேட்பவர்கள் பொதுமக்கள் என்ற வழக்கமான பிரிவினை இதனால் ஆட்டம் காண்கிறது. வாங்கும் நேரத்தில் எல்லோரும் சற்று ஆர்வலர்கள்தான்.

ஆர்வலர்களின் பொருள் பெரும்பான்மையினரின் பொருளாக மாறுவதும் உண்டு, ஆனால் பெரும்பாலும் வேறு காரணத்துக்காக. 1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் மலைப்பகுதியில் சிலர் பழைய, தடித்த சக்கர மிதிவண்டிகளில் மண்பாதைகளில் பாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பின்சக்கரத் தடை சூடேறி உள்ளிருக்கும் மசகு புகைந்துபோக, ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் அதை மறுபடி நிரப்ப வேண்டியிருந்ததால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிட்சி போன்றவர்கள் அதற்கென்றே சட்டகங்களும் பாகங்களும் செய்தார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் தொழிற்சாலைப் பொருளாக வெளிவந்தது. அதன் பின் மலைமிதிவண்டிகளை வாங்கிய கூட்டத்தில் பெரும்பகுதியினர் எந்த மலையிலும் ஏறியதில்லை. அவர்களுக்குப் பிடித்தது நிமிர்ந்து உட்காரும் வசதி, குழியில் விழுந்தாலும் தாங்கும் சக்கரம், நன்றாகப் பிடிக்கும் தடை. ஆர்வலர்கள் ஆபத்துக்காகக் கண்டுபிடித்ததைப் பெரும்பாலோர் பத்திரத்துக்காக வாங்கினார்கள். இந்த வேடிக்கையை ஒரு வடிவமைப்பாளர் மறக்காமல் இருப்பது நல்லது, ஏனென்றால் அடுத்த மாதிரியில் எதைக் கூட்டுவது என்று தீர்மானிக்கும்போது ஆர்வலரின் காரணத்தைக் கூட்டினால் வாங்குபவரின் காரணம் அடிபட்டுப்போகும்.

இதற்கு நேரெதிரான போக்கும் இருக்கிறது: பெரும்பான்மையினர் வெளியேறிவிட்ட பொருள் ஆர்வலர்களின் கையில் மிஞ்சுகிறது. டிஜிட்டல் கேமராக்கள் 2010-இல் உலகெங்கும் சுமார் 12 கோடி அனுப்பப்பட்டன. 2020-இல் அந்த எண்ணிக்கை ஒரு கோடியைக்கூட எட்டவில்லை. படம் மட்டும் வேண்டியவர்கள் கைபேசிக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களுக்காகக் கேமரா செய்யும்போது பழைய விதிகள் தலைகீழாகின்றன. ஃபியூஜிஃபிலிமின் எக்ஸ்100 வரிசை, ஷட்டர் வேகத்துக்கு ஒரு சக்கரம், ஒளி நுழையும் துளையின் அளவுக்கு லென்ஸில் ஒரு வளையம் என்று வேண்டுமென்றே கைவேலையைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த உழைப்புதான் அங்கே விற்பனைப் பொருள்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு வடிவமைப்புக் குழு என்ன செய்யலாம்? என்ன வேண்டும் என்று ஆர்வலர்களிடம் கேட்டால் தீர்வுகள்தான் கிடைக்கும். கடைசியாக எப்போது, எந்த வேலையின் நடுவே எரிச்சல் வந்தது என்று கேட்டால் குறை கிடைக்கும், அதுவே பயனுள்ளது. இரண்டு வகைகளையும் பிரிக்க நான் கையாளும் சோதனைக் கேள்வி எளிமையானது: "நீங்கள் கேட்பதைப் பொருளே தானாக, நீங்கள் கையே வைக்காமல், அதே தரத்தில் செய்துவிட்டால் உங்களுக்குச் சம்மதமா?" திரையின் நிறத்தைத் திருத்துபவர் இதற்கு உடனே சம்மதிப்பார், அவருடைய குறை முதல் வகை, அதை எல்லோருக்குமான இயல்பு அமைப்பிலேயே சரிசெய்துவிட வேண்டும், ஏனென்றால் அமைப்புகளை மாற்றாமலே காலம் கழிப்பவர்கள்தான் மிகப் பலர். கைக்கியர்க்காரர் சம்மதிக்க மாட்டார். அவருக்கு வேண்டியது வேலை முடிவது இல்லை, வேலையே.

இரண்டாம் வகையை எங்கே வைப்பது என்பது பொருளைப் பொறுத்தது. மென்பொருளில் அதை ஓர் அடுக்கு உள்ளே வைத்துவிடலாம். அங்கும் ஒவ்வொரு கூடுதல் தெரிவையும் ஒவ்வொரு வெளியீட்டின்போதும் சோதித்தாக வேண்டும் என்பதால் அது இலவசம் இல்லை. வன்பொருளில் ஒளித்துவைக்க இடமே கிடையாது: ஒரு செருகியோ சக்கரமோ வேண்டாதவரின் பொருளிலும் அதே இடத்தை அடைத்துக்கொள்ளும். அங்கே தனி மாதிரிதான் வழி. லெனோவோ 2015-இல் தன் திங்க்பேட் மடிக்கணினிகளின் ஆர்வலர்களிடம் கருத்துக் கேட்டு, அவர்கள் பல ஆண்டுகளாகப் புலம்பிவந்த பழைய ஏழு வரிசை விசைப்பலகையுடன் 2017-இல் திங்க்பேட் 25 என்ற சிறப்புப் பதிப்பைக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டது. மற்ற மாதிரிகளின் விசைப்பலகையில் கைவைக்கவில்லை. அந்த விசைப்பலகைக்காக ஏங்கியவர்களில் நானும் ஒருவன் என்றாலும், அந்த முடிவு சரியானது என்றே சொல்வேன்.